சிக்னலுக்கு நம் கால்களும் தெரிய வேண்டும்

தெருமுனையில் இருக்கும் டிராஃபிக் சிக்னலும் ஒரு கம்ப்யூட்டர்தான் என்றால் நம்புவீர்களா? கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதே இரும்புப் பெட்டி, அதற்குள் கன்ட்ரோலர் இருக்கிறது. எந்தத் திசைக்கு எத்தனை விநாடி பச்சை என்பதை யாரோ அதில் செட் செய்து வைத்திருக்கிறார்கள். செட் செய்ததை மாற்றவும் முடியும்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் எங்கள் மேற்குப் புறநகர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே தாலுகா தலைமையிடங்கள். முதல் இரண்டின் நடுவே சி.டி.எச். சாலை ஓடுகிறது, பூந்தமல்லிக்கு ட்ரங்க் ரோடு. லாரியும் பஸ்ஸும் ஓயாத இந்தச் சாலைகளைத் தாண்டித்தான் பலர் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அலைகிறார்கள்.

"இப்போதுதான் எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே" என்பீர்கள். உண்மைதான். சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை போதும். ஆனால் மவுஸ் பிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே வேலையை முடித்துக்கொண்டால், நேரில் வருபவர்கள் யார்? பெரும்பாலும் வயதானவர்கள். கூட்டம் குறையலாம், நடை வேகமும் சேர்ந்து குறைகிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

கணக்கு மிகச் சுலபம். சாலை அமைப்புக்கான விதிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், 2012-ம் ஆண்டு வெளியிட்ட பாதசாரிகள் வழிகாட்டியில் நடை வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. 20 மீட்டர் சாலையைக் கடக்க 17 விநாடி. கைத்தடி ஊன்றிய பாட்டி விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பதாக வையுங்கள், 25 விநாடி ஆகும். அந்த 8 விநாடியும் அவர் நடுரோட்டில்!

நாள் முழுக்க வண்டிகளை நிறுத்தச் சொல்லவில்லை. உங்கள் விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறதல்லவா? அதுபோல கன்ட்ரோலரிலும் நேரத்துக்கு ஒரு திட்டம் வைக்கலாம். அலுவலக நாட்களில் காலை 10 முதல் 1 மணி வரை மட்டும் நடப்பவர்களுக்குக் கூடுதல் பச்சை, மற்ற நேரம் பழையபடி. அகலமான சாலை என்றால் நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு திட்டு போதும்; பாதி பாதியாகக் கடந்துவிடலாம், வண்டிகளும் அதிகம் காத்திருக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் 2009-லேயே 'க்ரீன் மேன் ப்ளஸ்' வந்துவிட்டது. முதியவர் தன் கார்டைக் கம்பத்தில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை பச்சை நீளும். சென்னையிலும் ஜப்பானின் ஜைக்கா கடனுதவித் திட்டத்தில், போக்குவரத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றும் அடாப்டிவ் சிக்னல்கள் இருக்கின்றன. அவை வண்டிகளை மட்டும் எண்ணினால் போதாது, நிற்கும் மனிதர்களையும் எண்ண வேண்டும் என்பதே என் கருத்து.

நீங்களும் ஒன்று செய்யலாம். கூகுள் மேப்ஸில் உங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் ரைட் க்ளிக் செய்து, தூரம் அளக்கும் வசதியால் சாலையின் அகலத்தை எடுங்கள். எக்ஸெலில் 1.2-ஆலும் 0.8-ஆலும் வகுத்துப் பாருங்கள். பிறகு நேரில் போய் செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் பச்சை விநாடிகளை எண்ணுங்கள். குறைந்தால் போக்குவரத்து போலீசுக்கு மனு கொடுங்கள். எங்கள் பகுதிக்கு 2022-ல் தொடங்கிய ஆவடி கமிஷனரேட். மனுவை ஈமெயிலில் அனுப்புவதானால் யூனிகோட் எழுத்துருவிலேயே டைப் செய்யுங்கள். அங்கே திறக்கும்போது கட்டம் கட்டமாகத் தெரிந்துவிடப் போகிறது!