பாட்டனாரின் மாத்திரை



2024 ஆகஸ்ட் 7ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக்கின் நடுவே, திரொக்கதேரோவில் பனிச்சறுக்கு நடனக் கலைஞர்கள் பதக்கம் பெற்றதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். கோடை வெயிலில் பனி விளையாட்டுக்கு ஏது பதக்கம்? அவை 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் பதக்கங்கள். அமெரிக்க, ஜப்பானிய அணிகள் இரண்டரை ஆண்டுகள் காத்திருந்து அவற்றைப் பெற்றன. முதலிடம் பெற்ற ரஷ்ய அணியின் 15 வயதுச் சிறுமி கமிலா வலியேவாவின் சோதனையில் திரிமெத்தாசிதீன் காணப்பட்டதே காரணம்.

இது நெஞ்சுவலிக்கான மருந்து. இதே பிரான்சில் செர்வியே நிறுவனம் உருவாக்கி, வஸ்தாரெல் என்னும் பெயரில் விற்றது. பாட்டனாரின் மாத்திரை தவறுதலாகக் கலந்துவிட்டது என்றது சிறுமியின் தரப்பு. விளையாட்டு நடுவர் மன்றம் அதனை ஏற்கவில்லை. 2024 ஜனவரி 29 அன்று நான்கு ஆண்டுத் தடை விதித்தது.

ஆயினும் என்னை உறுத்துவது அந்த மாத்திரை அன்று. அதே சோதனையில் எல்-கார்னிட்டின், ஹைப்பொக்சின் என்னும் வேறு இரண்டும் இருந்தன. இரண்டும் விதிப்படி அனுமதிக்கப்பட்டவை. கொடுத்ததையெல்லாம் கேள்வியின்றி விழுங்கப் பழகிய பிள்ளைக்கு, நாளை கையில் வைக்கப்படுவது எந்தப் பட்டியலில் உள்ளதென்று எப்படித் தெரியும்? தடைசெய்யப்பட்டது நுழைய வாசலைத் திறந்து வைப்பது அனுமதிக்கப்பட்டதே என்பது என் துணிபு.

விதியோ கடுமையானது. சாவான பாவத்திற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்று குருமடத்தில் கற்றோம். ஊக்கமருந்துச் சட்டத்திலோ பொருள் உடலில் இருந்தாலே மீறல். 2002இல் சால்ட் லேக் நகரில் ஸ்லாலம் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்ற ஸ்கொட்லாந்தவர் அலன் பக்ஸ்டர், மூக்கடைப்புக்கு விக்ஸ் உறிஞ்சி ஒன்றை அங்கே வாங்கினார். ஊரில் பழகிய அதே பெயர்தான். அமெரிக்கத் தயாரிப்பில் மட்டும் தடைக்குரிய பொருள் இருந்தது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கில்லை என ஏற்ற மன்றம், பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. இதில் எனக்கு மறுப்பில்லை; நான்காவதாக வந்தவருக்கும் நீதி வேண்டுமே. ஆனால் பதக்கத்தை எடுப்பது வேறு, வளராத பிள்ளையின் தலையில் பழி முழுவதையும் சுமத்துவது வேறு. சிறார் சிக்கினால் சுற்றியிருப்போரையும் விசாரிக்க வேண்டும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியே சொல்கிறது. உலகம் நினைவில் வைத்திருப்பதோ சிறுமியின் பெயரை மட்டுமே.

பனி நமக்குத் தூரம் என்று எண்ணாதீர்கள். திருச்சிக்கு அருகே முடிகண்டத்தில் பிறந்த கோமதி மாரிமுத்து, 2019இல் தோகாவில் 800 மீற்றரில் ஆசியத் தங்கம் வென்றார். நாண்ட்ரோலோன் காணப்பட்டு, தங்கமும் நான்கு ஆண்டுகளும் போயின. தாம் எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார்.

நம் எபினேயிலும் பிள்ளைகள் உதைபந்தாடுகிறார்கள், உடற்பயிற்சிக் கூடத்திற்குப் போகிறார்கள். லா சப்பலுக்கு அரிசி வாங்கப் போகும் தந்தை, திரும்பும் வழியில் மகனுக்குப் புரோட்டீன் பேணியும் வாங்கி வருகிறார். (அரிசிப் பையில் எழுதியிருப்பதை வாசிக்கிற அளவுக்குக்கூட அந்தப் பேணியை எவரும் வாசிப்பதில்லை.) வாசித்தாலும் போதாது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப் பொருள்களைக் கொலோன் ஆய்வகம் சோதித்தபோது, 94இல் பேணியில் எழுதப்படாத ஹோர்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. பழைய கணக்குத்தான். அதன் பின்னரே பிரான்சிலும் ஐரோப்பாவிலும் நியமங்கள் வந்தன. போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கியே தீர வேண்டுமென்றால், பேணியில் 'என்எஃப் ஈஎன் 17444' என்ற குறிப்பு உண்டா என்று பாருங்கள்.

மூன்று வேளையும் வீட்டில் சோறும் பருப்பும் மீனும் உண்ணும் 15 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பேணி எதற்கு? பெற்றோரே, பயிற்சியாளர்களே, உங்கள் விடையைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் எழுதினால் இன்னும் நல்லது.