சுவரில் ஒட்டிய கூடு

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 26 ஆண்டுகள் அறிவியல் நடத்தினேன். வண்ணத்துப்பூச்சிப் பாடம் வந்தால் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைப்பேன். எலுமிச்சையிலோ கருவேப்பிலையிலோ மேயும் புழுவை இலையோடு பாட்டிலில் போட்டு, வாயைக் கொசுவலையால் கட்டி வளர்க்க வேண்டும். எலுமிச்சை அழகியின் புழு அது. சின்னதில் காக்கை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடும்.

ஒரு வருஷம் ஒரு பெண்பிள்ளை புழு வளர்க்கச் சோம்பல்பட்டு, வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கூட்டையே கிள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, "சார், என் கூட்டுக்குள்ள இருந்து கொசுவா வருது சார்" என்று அழுதபடி நின்றாள். வகுப்பே சிரித்தது. கூடு பழுப்பேறி, அதில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பாட்டிலுக்குள் பச்சையாக மினுங்கும் பூச்சிகள். பாதி ஏற்கெனவே வலைக்கண் வழியாகப் போய்விட்டன. "கூடு கெட்டுப்போச்சு, வேற கொண்டா" என்று சொல்லி, பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். நாற்பது பாட்டிலில் பார்க்கத்தக்கது அது ஒன்றுதான் என்பது அப்போது எனக்கே தெரியாது.

அந்தப் பச்சைப் பூச்சிகள் குளவிகள். தெரோமாலஸ் பியூபாரம் என்ற இனமாக இருக்கலாம். 1758-லேயே லின்னேயஸ் பெயர் வைத்த பூச்சி. நீளம் மூன்று மில்லிமீட்டருக்குள். கூடு கட்டப்போகும் புழுவின் பக்கத்தில் தாய்க்குளவி உட்கார்ந்து காத்திருக்கும். புழு கடைசித் தோலை உரித்ததும் கூட்டின் ஓடு சிறிது நேரம் மென்மையாக இருக்கும். அதற்குள் ஊசியை இறக்கி முட்டையிட வேண்டும். ஓடு இறுகிவிட்டால் வேலை கடினம். ஒரே கூட்டிலிருந்து நூறுக்கு மேல்கூட வெளியே வரும்.

பாடப்புத்தகத்தில் முட்டை, புழு, கூடு, பூச்சி என்று நான்கே படம். தமிழ் மறவனை 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சி ஆக்கினோம், சந்தோஷம். இந்தக் குளவிக்கு ஊரில் ஒரு பேர்கூடக் கிடையாது.

பேர் இல்லாததால் வரும் நஷ்டம் தோப்பில் தெரிகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் தென்னை வைத்தவர்களுக்குக் கருந்தலைப் புழுவைச் சொல்லத் தேவையில்லை. ஓலைக்கு அடியில் எச்சமும் நூலும் சேர்த்துக் குழாய் கட்டிப் பச்சையத்தைச் சுரண்டும். மரம் தீப்பட்டது மாதிரி நிற்கும். அந்தப் புழுவை கோனியோசஸ் குளவி தாக்கும். முட்டையிட்ட பிறகும் குஞ்சுகளை விட்டுப் போகாமல் காவல் இருக்கும். கருந்தலைப் புழு கூட்டுப்புழுவானதும் ட்ரைக்கோஸ்பைலஸ், பிராக்கிமீரியா என்று வேறு கூட்டம் வரும். வேளாண் பல்கலைக்கழகமே இவற்றை விடச் சொல்கிறது. கொண்டையில் விடக்கூடாது, அங்கே சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் தின்றுவிடும் என்பதுவரை சொல்லித் தருகிறது.

ஆனால் நம் ஆட்கள் காய்ந்த ஓலையைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். இல்லையென்றால் ஓலையை வெட்டிக் குவித்து எரிக்கிறார்கள். எரிக்கச் சொல்வது வழக்கமான யோசனைதான், மறுக்கவில்லை. அந்த நெருப்பில் துளை விழக் காத்திருக்கும் கூடுகளும் வேகின்றன என்பதுதான் என் வருத்தம். கூடு ஒட்டிய ஓலைகளைத் தனியே எடுத்து, குளவி நுழைந்து வெளியேறி, கருந்தலைப் புழுவின் அந்துப்பூச்சி வெளியேற முடியாத கண்ணுள்ள வலைக்குள் இரண்டு வாரம் வைத்துவிட்டு எரித்தால் என்ன? ஒரு வலைக்கு ஆகும் செலவு ஒரு டேங்க் மருந்துக்கு ஆகாதா?

குளவி என்றால் எல்லாம் நல்லது என்றும் நான் பேசவில்லை. முட்டைக்கோஸ் புழுவுக்காக 1933-ல் நியூசிலாந்துக்குக் கொண்டுபோன இதே தெரோமாலஸ், அந்த நாட்டுச் சொந்த வண்ணத்துப்பூச்சியின் கூட்டிலும் முட்டை வைத்தது. இங்கேயும் பப்பாளி மாவுப்பூச்சிக்காக 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி வந்தது. பப்பாளியும் மல்பெரியும் பிழைத்தன. அது சோதித்து, தனிமைப்படுத்திப் பார்த்து விட்ட குளவி. வெளியிலிருந்து கொண்டுவர ஆயிரம் யோசனை வேண்டும். ஏற்கெனவே நம் ஓலையில் உட்கார்ந்திருப்பதைக் கொல்லாமல் இருக்க என்ன யோசனை?

என் வீட்டுக் கருவேப்பிலைக்கு மருந்து அடித்து ஏழு வருஷமாகிறது. போன வாரம் எண்ணினேன்: ஒன்பது கூடு, நாலில் துளை. மீதி ஐந்து பறந்துபோயிருக்கின்றன. மரத்தில் இலை குறையவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் ரசத்துக்கு இங்கேதான் ஒடிக்கிறார்.