கண்ணப்பன், புஷ்பா, திரைக்கு வராத மரம்வெட்டி

காளஹஸ்தியில் ஆண்டுதோறும் மகா சிவராத்திரிப் பிரம்மோற்சவம் கண்ணப்பர் மலையில் கொடியேற்றுவதோடு தொடங்குகிறது. கோயிலுக்குள் கொடியேறும் முன்பே மலைமேல் வேடனுக்கு முதல் மரியாதை செய்யப்படுகிறது. அந்த வேடனின் கதையைப் பெரும் பொருட்செலவில் எடுத்து ‘கண்ணப்பா’ என்ற பெயரில் 2025 ஜூன் 27 அன்று வெளியிட்டார்கள். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2024 டிசம்பர் 5 அன்று, ‘புஷ்பா’வின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அது சேஷாசலக் காட்டின் செம்மரத்தைப் பற்றிய கதை. இரண்டு படங்களும் பழைய சித்தூர் மாவட்டத்து மண்ணைக் களமாகக் கொண்டவை; இரண்டிலும் நாயகன் காட்டு மனிதன்.

இந்தப் படங்களைப் பற்றிய விமர்சனங்கள் தெலுங்கிலும் தமிழிலும் மலைபோல் குவிந்தன. முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி தொய்வு. கௌரவ வேடத்தில் வந்த நட்சத்திரங்கள் எத்தனை பேர். முதல் நாள் வசூல் எவ்வளவு என்பதிலேயே பெரும்பாலானவை நின்றுவிட்டன. திரையில் காட்டப்படும் காட்டு மனிதன் யார், அவனுடைய வழித்தோன்றல்கள் இன்று எந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற கேள்வியை எழுப்பியவர்கள் மிகச் சிலரே. விமர்சனம் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்விதான்.

வேடன் மாறிய விதம்

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் திண்ணன் பொத்தப்பி நாட்டு உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன். அவனுக்கு ஆகமம் தெரியாது. வாயில் நீரை முகந்து வந்து திருமஞ்சனம் செய்கிறான். தலையில் செருகி வந்த மலரைச் சூட்டுகிறான். பன்றி இறைச்சியைச் சுட்டு, பல்லால் கடித்துச் சுவை பார்த்துப் படைக்கிறான். முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியாருக்கு இது பொறுக்க முடியாத அனுசிதம். எனினும் இறைவனுக்கு உகந்தது வேடனின் படையலே என்று கதை தீர்ப்புச் சொல்கிறது. தூய்மை எது, தீட்டு எது, அதை முடிவு செய்பவர் யார் என்பதே இந்தக் கதைக்குள் இருக்கும் பூசல். சோழர் அவையில் உயர் பதவி வகித்த ஒருவர் எழுதிய நூலாயினும் அந்தப் பூசலை அது மறைக்கவில்லை. ஆனால் வேடன் முழுமையாக ஏற்கப்படுவது தன் கண்ணைப் பெயர்த்துக் கொடுத்த பின்னரே என்பதும் அதே நூலில் உள்ள செய்திதான். அவன் குருதி சிந்தும் காட்சியைச் சிவகோசரியார் மறைந்து நின்று பார்க்கிறார்.

திரைப்படம் இந்தக் கதையைப் பலமுறை கையாண்டிருக்கிறது. 1954இல் எச்.எல்.என். சிம்ஹா இயக்கத்தில் வந்த ‘பேடர கண்ணப்பா’ கன்னட நடிகர் ராஜ்குமாருக்கு நாயகனாக முதல் படம். அவரே நடித்துத் தெலுங்கில் வந்தது ‘ஸ்ரீ காளஹஸ்தீஸ்வர மகாத்மியம்’. அவற்றில் எதிர்நாயகன் கோயிலின் தலைமை அர்ச்சகர். வேடன் மீது திருட்டுப் பழி விழுகிறது. அவன் அடித்து வதைக்கப்படுகிறான். பக்திப் படம் என்ற சட்டகத்துக்குள் நின்றுகொண்டே கோயில் அதிகாரத்தின் மீது விரல் நீட்டிய துணிவு அதற்கு இருந்தது. 1976இல் பாப்பு இயக்கிக் கிருஷ்ணம்ராஜு நடித்த ‘பக்த கண்ணப்ப’ படத்திலும் அந்த அர்ச்சகரின் போலித்தனம் கதையின் முக்கிய இழையாக இருந்தது.

2025இன் படத்தில் அழுத்தம் இடம் மாறிவிட்டது. திண்ணன் இங்கே கடவுளை மறுப்பவன். பின்னர் அருள் பெற்றுப் பக்தனாகிறான். கதையின் மையம் ஒரு நாத்திகனின் மனமாற்றமாகிவிட்டது. பெரியபுராணத் திண்ணன் நாத்திகன் அல்லன். அவனுடைய பக்தியில் குறை இருந்ததாக அந்நூல் எங்கும் சொல்லவில்லை. குறை இருந்தது அவனுடைய உணவையும் எச்சிலையும் தீட்டென்று கருதிய பார்வையில்தான். திருந்த வேண்டியவன் வேடனே என்று கதையைத் திருப்பிவிட்டால், இறைச்சி உண்பவனைக் கோயில் எப்படி நடத்தியது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. உணவின் பேரால் மனிதர் அடித்துக் கொல்லப்படும் இந்நாளில் இந்த மாற்றம் வெறும் கதைவசதி என்று கடந்து செல்லத்தக்கதன்று. படத்தின் பெரும்பகுதி நியூசிலாந்தில் படமாக்கப்பட்டது. பொன்முகலி ஆற்றங்கரையின் கதைக்குப் பசிபிக் தீவின் பசுமை! காளஹஸ்தியைச் சுற்றி இன்றும் நிலமற்று வாழும் யானாதி மக்கள் அந்தப் பசுமையில் எப்படி இடம்பெறுவார்கள்?

கூலி கண்டறிந்த கணக்கு

‘புஷ்பா’வை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2021 டிசம்பரில் வந்த முதல் பாகத்தின் தொடக்கத்தில் நாயகன் ஒரு கூலி. முதலாளியின் முன் கால்மேல் கால் போட்டு அமர்ந்ததற்காக வேலையை இழக்கிறான். தந்தை பெயர் இல்லாதவன் என்று அவமதிக்கப்படுகிறான். திரையரங்கில் அந்தக் காட்சிகளுக்கு எழுந்த ஆரவாரத்தைப் பொறுக்கிக் கூச்சல் என்று புறந்தள்ளுகிற விமர்சகர், கால்மேல் கால் போட முடியாத ஊர்களில் ஒருநாளும் வாழ்ந்திராதவராகத்தான் இருப்பார். அந்த ஆரவாரத்தில் தன்மானத்துக்கான தாகம் இருக்கிறது. இடதுசாரி இயக்கத்தின் ஊழியர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அந்தக் கூலி ஒரு கணக்கையும் கண்டறிகிறான். மரம் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் விலை ஏறுகிறது. இங்கே கொடுக்கப்படுவது ஒரு விலை, சென்னையில் வாங்கப்படுவது பல மடங்கு. உழைப்பவனுக்குச் சேராத தொகை எங்கே போகிறது என்று அவன் கேட்கிறான். உபரி பற்றிய அரிச்சுவடியை வெகுமக்கள் திரைப்படம் ஒன்று இவ்வளவு தெளிவாகச் சொன்னது அரிது. அந்தக் கேள்விக்குப் படம் தரும் விடையில்தான் ஏமாற்று இருக்கிறது. அவன் தன்னோடு மரம் சுமந்தவர்களைத் திரட்டுவதில்லை. கும்பலின் தலைமைப் பீடத்தைக் கைப்பற்றுகிறான். இரண்டாம் பாகத்தில் பிடிபட்ட தன் கூலிகளை மீட்கக் காவலர்களுக்கு வாழ்நாள் ஊதியத்தையே கொடுத்து வேலையை விட்டுப் போகச் செய்கிறான். தன்னோடு படம் எடுத்துக்கொள்ள மறுத்த முதலமைச்சரையே மாற்றுகிறான். கூலிகள் கடைசி வரை கூலிகளாகவே இருக்கிறார்கள். ஒருவன் உயர்ந்தால் போதும், அனைவரும் உயர்ந்ததாக எண்ணிக்கொள்ளலாம் என்று சுரண்டலில் பிழைப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் ஆறுதலை, சுரண்டப்பட்டவனின் வாயாலேயே படம் சொல்ல வைக்கிறது.

2015 ஏப்ரல் 7

திரையில் கூலிகளை மீட்க ஒரு புஷ்பா வருகிறான். சேஷாசலத்தில் நடந்தது வேறு. 2015 ஏப்ரல் 7 அன்று, காளஹஸ்தியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சந்திரகிரிப் பகுதிக் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் மலைவாழ் மக்கள். கற்களையும் கோடரிகளையும் கொண்டு தாக்கியதால் சுட நேர்ந்தது என்றது காவல்துறை. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு செல்லப்பட்டவர்களே பிணங்களாகக் கிடந்தார்கள் என்றனர் உயிர் தப்பியவர்கள். குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையும் வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. அதற்கு உயர்நீதிமன்றத் தடை வந்தது. பத்தாண்டுகள் கடந்தும் அந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மேலும் ஐந்து தமிழர்களின் உடல்கள் மிதந்தன.

2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் செம்மரம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் இடைத்தரகரின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் வண்டி ஏறுபவன் அந்த வணிகத்தின் கடைசிக் கண்ணி. மரத்தை வாங்குபவரும் கப்பல் ஏற்றுபவரும் காட்டுக்குள் வருவதில்லை. குண்டும் அவர்களைத் தேடிச் செல்வதில்லை. ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டி வசூலித்த படம் செம்மரத்தின் விலையை ரூபாய்க் கணக்கில் சொன்னது. உயிர்க் கணக்கைச் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்துப் படங்கள்

‘புஷ்பா’ முதல் பாகத்துக்கு ஆறு வாரங்கள் முன்பு, 2021 நவம்பர் 2 அன்று ‘ஜெய் பீம்’ வந்தது. 1993இல் விருத்தாசலம் அருகே நடந்த காவல் நிலையக் கொலையையும், ஒரு பெண்ணும் செங்கொடி இயக்கமும் ஒரு வழக்கறிஞரும் நடத்திய நீதிப் போராட்டத்தையும் அடிப்படையாகக் கொண்ட படம் அது. அந்த ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகள் 2023 ஆகஸ்ட் 24 அன்று அறிவிக்கப்பட்டன. ‘புஷ்பா’ நாயகனுக்குச் சிறந்த நடிகர் விருது. ‘ஜெய் பீம்’ படத்துக்கு ஒரு விருதும் இல்லை. நடிப்பின் தரத்தைப் பற்றி வாதிட இடமுண்டு. அரசு எந்தக் கதையைக் கொண்டாட விரும்புகிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

வெற்றிமாறனின் ‘விடுதலை’ 2023 மார்ச்சிலும், அதன் இரண்டாம் பாகம் ‘புஷ்பா 2’ வந்த பதினைந்தாம் நாளிலும் வெளிவந்தன. மலைக் கிராமத்தை முற்றுகையிடும் காவல்துறையை அந்தப் படம் காட்டுகையில், வாச்சாத்தியை நினையாத தமிழர் இருக்க முடியாது. ஆயினும் கொடி சிவப்பாக இருப்பதாலேயே ஒரு படத்துக்குக் குறைபாடுகளை மன்னித்துவிடக் கூடாது. இரண்டாம் பாகத்தில் வாத்தியார் பேசிக்கொண்டே இருக்கிறார். மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இயக்கம் வளர்வது சொற்பொழிவால் மட்டும் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. ‘ஜெய் பீம்’ படத்திலும் கூட்டுப் போராட்டம் சுருங்கி, வழக்கறிஞர் என்ற தனி நாயகனே பேருருக் கொள்கிறார். ஒருவனே மீட்பன் என்ற ‘புஷ்பா’வின் நோய் மெல்லிய அளவில் இங்கும் உண்டு.

வாச்சாத்தியின் உண்மை வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிச் சித்தேரி மலையடிவாரத்துக் கிராமத்தில் புகுந்த அரசு ஊழியர்கள் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், ஊரையே சூறையாடினார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் ஊர்ப் பெண்களும் விடாமல் நடத்திய வழக்கில், 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் அதே தேதியில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் தனி நாயகன் யாரும் இல்லை. நீதிமன்றப் படிகளில் மீண்டும் மீண்டும் ஏறிய பெண்கள் இருந்தார்கள். அன்று சந்தனம், 2015இல் செம்மரம். அதே சித்தேரி மலையிலிருந்தும் ஆட்கள் சேஷாசலத்துக்குப் போய்ப் பிணமாகத் திரும்பினார்கள். வழக்கில் வென்ற மலையிலும் பிழைப்பு இல்லை என்ற உண்மையைச் சொல்லும் படம் இன்னும் எடுக்கப்படவில்லை.

விமர்சனம் செய்ய வேண்டியது

திரைப்படத்தைப் போதை என்று சொல்லி விலகி நிற்பது எளிது. கொல்லப்பட்ட மரம்வெட்டிகளின் பிள்ளைகளே ‘புஷ்பா’வின் பாட்டுக்கு ஆடியிருக்கக்கூடும். அவர்களை இகழ்வதால் இயக்கத்துக்குச் சேர்வது ஒன்றுமில்லை. கட்சிக் கிளைகளும் கலை இலக்கிய அமைப்புகளும் செய்யத்தக்க வேலை வேறு இருக்கிறது. ஊரில் ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு, கூடி அமர்ந்து மூன்று கேள்விகளைப் பேசலாம்: இந்தக் கதையில் உழைப்பவர் யார்? உழைப்பின் பயன் யாருக்குப் போகிறது? திரைக்கு வராமல் விடப்பட்டவர் யார்? ஜவ்வாது மலை அடிவாரத்தில் இப்படி ஒரு மாலைப்பொழுது ‘புஷ்பா’வைப் பற்றிப் பேசினால், மூன்றாம் கேள்விக்குக் கேட்பவர்களிடமிருந்தே பெயர்கள் வரும். அங்கிருந்து 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பட்டா, மலையிலேயே ஆண்டு முழுவதும் வேலை, 20 பேர் கொலைக்குச் சுதந்திரமான விசாரணை என்ற கோரிக்கைகளுக்குச் செல்லும் வழி நீண்டதன்று.

காளஹஸ்தி மலைமேல் அடுத்த சிவராத்திரிக்கும் வேடனுக்குக் கொடியேறும். கண்ணைக் கொடுத்தவனுக்கு மரியாதை செய்வதில் இந்த நாட்டுக்கு என்றும் தயக்கம் இருந்ததில்லை. அவன் கண்ணோடும் காட்டோடும் வாழ்வதற்கான உரிமையைப் பற்றித்தான் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. அதைப் பேசாமல் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் விமர்சகர், மறைந்து நின்று பார்த்த சிவகோசரியாரின் இடத்தில்தான் இருக்கிறார்.