பீரோவில் பூட்டிய புத்தகங்கள்

1988-ஆம் ஆண்டு. ஜப்பானின் சிபா மாகாணத்தில் ஃபுனபாஷி நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்று. ஹயாஷி ஹிரோஷி, ஓட்சுகா எமிகோ என்ற இரு ஆசிரியர்கள் அங்கே ஒரு சிறிய பழக்கத்தைத் தொடங்கினார்கள். காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம் வாசிப்பு. விதிகள் நான்குதான்: எல்லோரும் வாசிப்பது, தினமும் வாசிப்பது, பிடித்ததை வாசிப்பது, வாசிப்பதோடு விட்டுவிடுவது.

அந்த நான்காவது விதியில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. கதைச்சுருக்கம் எழுத வேண்டியதில்லை. கேள்வி கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆசிரியரும் பக்கத்தில் உட்கார்ந்து தன் புத்தகத்தை வாசிப்பார். இந்தக் காலை வாசிப்பு பின்னாளில் அந்நாட்டில் 20,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது.

ஜப்பானில் நேரம் பொது, புத்தகம் மாணவர் விருப்பம். பிரிட்டனில் சேர்வதே விருப்பம்தான். அங்கே 1936 முதல் சிறார், இளையோர் நூல்களுக்கு நூலகர்கள் வழங்கும் கார்னகி பதக்கத்தின் இறுதிப் பட்டியல் வந்ததும், பள்ளிகளில் வாசிப்புக் குழுக்கள் கூடுகின்றன. நடுவர்கள் படிக்கும் அதே நூல்களை மாணவர்களும் படித்து, எது பரிசுக்குரியது என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையின் கருத்துக்கு அங்கே மதிப்பிருக்கிறது.

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பதினைந்து வயது மாணவர்களிடம் 2000-இல் நடந்த பன்னாட்டு ‘பிசா’ தேர்வின் முடிவுகள் இதைக் காட்டின. எளிய வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளில் வாசிப்பில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்கள் சராசரியாக 540 புள்ளிகள் பெற்றார்கள். உயர்ந்த வேலையில் இருப்போரின் பிள்ளைகளில் வாசிப்பில் நாட்டமில்லாதவர்கள் பெற்றது 491. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வாசிப்பு எவ்வளவு பெரிய துணை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழ்நாட்டிலும் நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்ன நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய முயற்சி அது.

ஆனால், பறக்கப் பழகிய பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும் என்ன நடக்கிறது? நூலகப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்கின்றன. மாலை நேரம் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகிறது. பல பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவுக்குள்ளேயே கிடக்கின்றன. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒரு நூல் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தப் பயம்தான் சாவியைத் திருப்பவிடாமல் தடுக்கிறது.

எனவே கல்வித் துறை இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். மாணவர் கையில் புழங்கிக் கிழிந்த, தொலைந்த நூல்களை ஆண்டுதோறும் ஓர் அளவுவரை கேள்வியின்றிக் கணக்கிலிருந்து நீக்க ஆணையிட வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, விரும்புகிறவர்கள் கூடி வாசிக்க வாரம் ஒரு பாடவேளையை எந்தப் பாடமும் தொடாதபடி ஒதுக்க வேண்டும். தலைமை ஆசிரியர்கள் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். வரும் திங்கட்கிழமையே பீரோவைத் திறந்து வையுங்கள்.