வீட்டுவழிக் கல்வி: பயிற்சிக்கு மைதானம் உண்டு, பள்ளி அணியில் இடமில்லை

பெங்களூரு: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி, 'விளையாட்டுக்கு என்ன செய்வீர்கள்?' என்பதே. பெங்களூரைப் பொறுத்தவரை பயிற்சி பெறுவதில் பெரிய தடை இல்லை. போட்டியில் பங்கேற்கும் கட்டத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பயிற்சிக்குத் தடையில்லை

1994-இல் தொடங்கப்பட்ட பிரகாஷ் படுகோன் பாட்மிண்டன் அகாதெமி, பசவனகுடி நீச்சல் மையம் எனப் பயிற்சிக் களங்கள் நகரில் ஏராளம். சதுரங்கம், பாட்மிண்டன், நீச்சல் போன்றவற்றில் விளையாட்டுச் சங்கங்கள் நடத்தும் வயதுப் பிரிவுப் போட்டிகளுக்குப் பிறப்புச் சான்றிதழே முதன்மை ஆவணம். பள்ளியின் பெயர் இல்லாமலேயே ஒரு சிறுமி தேசியப் போட்டி வரை செல்ல முடியும். சாரணர் இயக்கத்திலும் பள்ளி சாராத திறந்தநிலைக் குழுக்கள் உள்ளன.

அடைபடும் வாசல்

பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் நிலை வேறு. கர்நாடகப் பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள் தாலுகா, மாவட்டம், மண்டலம், மாநிலம் எனப் படிப்படியாக உயர்ந்து, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டியில் முடிகின்றன. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோருக்கான இப்போட்டிகளில் பங்கேற்க, தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட பள்ளிச் சான்று தேவை. கர்நாடக மாநில கிரிக்கெட் சங்கத்தின் பிடிஆர் கேடயப் போட்டியும் பள்ளிகளுக்கு இடையிலானதே.

குழு விளையாட்டுகளில் இதன் பாதிப்பு அதிகம். தனிநபர் விளையாட்டில் திறமை இருந்தால் சங்கப் போட்டி வழியே முன்னேறலாம். கபடிக்கும் கோ-கோவுக்கும் பெரும்பாலான சிறாருக்கு முதல் அணி பள்ளி அணிதான். தனியார் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு இந்த இழப்பு மேலும் கூடுகிறது.

வேலைவாய்ப்பும் இதில் அடங்கியுள்ளது. தேசியப் பள்ளிப் போட்டிகளில் மாநில அணிக்காக விளையாடியவர்கள், மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளுக்குத் தகுதி பெறுவோர் பட்டியலில் உள்ளனர். அந்த வழி பள்ளிப் பதிவு இல்லாதோருக்குத் திறப்பதில்லை.

சட்டத்தின் மௌனம்

2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியை அது வெளிப்படையாக அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

இந்த இடைவெளியில், என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமே பலருக்கும் துணையாக உள்ளது. 14 வயது நிறைந்தவர்கள் அதன் 10-ஆம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதலாம். தேர்வெழுத வழி உண்டு. சேர்ந்து விளையாட ஓர் அணி இல்லை.

பெயரளவிலான பதிவு

பள்ளி ஒத்துழைத்தால் நிலைமை மாறும் என்பதற்குச் சென்னையின் டி. குகேஷ் உதாரணம். 4-ஆம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரமாகப் பள்ளிக்குச் செல்லவில்லை. எனினும் வேலம்மாள் பள்ளியின் மாணவராகவே நீடித்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. வீட்டிலேயே பயின்ற மும்பை மாணவி ஒருவர், சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட் பதக்கங்களின் பலத்தில் 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இடம்பெற்றார். 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் இந்திய ஐஐடிகளில் சேர அவருக்கு வழியில்லை.

புளோரிடா காட்டிய வழி

அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், வீட்டில் பயிலும் மாணவர்கள் அரசுப் பள்ளி அணிகளில் சேர அனுமதித்தது. அவ்வாறு விளையாடிய டிம் டீபோ, 2007-இல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருதைப் பெற்றார். அவர் பெயராலேயே பிற மாகாணங்களிலும் இத்தகைய சட்டங்கள் அழைக்கப்படுகின்றன.

எதிர்வாதங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. பள்ளிப் போட்டிகளின் நோக்கமே பள்ளிகளில் விளையாட்டை வளர்ப்பதுதான். வகுப்புக்கும் சென்று பயிற்சியும் பெறும் மாணவருடன், நாள் முழுவதும் பயிற்சி பெறக்கூடியவரைப் போட்டியிட வைப்பது நியாயமா என்ற கேள்வி எழும். வயது மோசடியைக் கண்டறியப் பள்ளிப் பதிவேடும் ஒரு சான்றாக உள்ளது.

இவற்றுக்கு விடை காண முடியாததல்ல. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சிபிஎஸ்இ ஆகியவை தேசியப் பள்ளிப் போட்டிகளில் தனி அலகுகளாக அணிகளை அனுப்புகின்றன. அதே முறையில், பிறப்புச் சான்றிதழையும் என்ஐஓஎஸ் பதிவையும் அடிப்படையாகக் கொண்டு திறந்தநிலை மாணவர்களுக்கும் ஓர் அலகு அமைப்பது ஆராயத்தக்கது. பாடத்துக்கும் பாடம்சாராச் செயல்பாடுகளுக்கும் இடையே கடும் பிரிவினை கூடாது என 2020-ஆம் ஆண்டு தேசிய கல்விக் கொள்கை கூறுகிறது. அக்கொள்கை பள்ளி வளாகத்துக்கு வெளியே பயிலும் சிறாருக்கும் பொருந்துமா என்பதை இனி விளையாட்டு விதிகளே தீர்மானிக்கும்.