கைபேசி மாறினால் உரிமை பறிபோகலாமா?

2024 ஜூலை 3 அன்று ஜியோ, ஏர்டெல் நிறுவனங்களும் மறுநாள் வோடபோன் ஐடியாவும் கைபேசிக் கட்டணங்களை உயர்த்தின. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே கிடைத்த சில நாள்களில் கையில் பணம் உள்ளவர்கள் ஒரு வேலையை முடித்துக்கொண்டார்கள். ரூ.2,999 விலையில் இருந்த ஓராண்டுத் திட்டத்தைப் பழைய விலையிலேயே முன்கூட்டிச் செலுத்தி வரிசையில் வைத்துக்கொண்டார்கள். உயர்வுக்குப் பின் அதே திட்டத்தின் விலை ரூ.3,599. அவர்களுக்கு ரூ.600 மிச்சமானது. 28 நாளுக்கு ரூ.155 செலுத்தி வந்த கூலித் தொழிலாளியால் அப்படிச் செய்ய முடியவில்லை. அடுத்த முறை ரீசார்ஜ் செய்யச் சென்றபோது அவரிடம் ரூ.189 கேட்கப்பட்டது. பழைய விலையைத் தக்கவைத்துக்கொள்வதும் இந்த நாட்டில் பணமுள்ளவர்களுக்கே வாய்க்கிறது.

நாட்டிலுள்ள சுமார் 115 கோடி கைபேசி இணைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை முன்கட்டண இணைப்புகள். இந்தக் கோடிக்கணக்கான மக்கள் தாங்கள் நம்பி ஏற்ற திட்டத்தை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், கைபேசியை மாற்றினால் அது நீடிக்குமா என்பவற்றை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இன்று அது முழுமையாக நிறுவனங்களிடம் இருக்கிறது. கட்டண உயர்வை எதிர்க்கும் போராட்டத்தில் இந்தக் கேள்வி இதுவரை உரிய இடம் பெறவில்லை.

கைபேசியோடு திட்டத்தைக் கட்டிவைக்கும் முறையை முதலில் பார்க்க வேண்டும். 2017-ல் ரூ.1,500 வைப்புத்தொகைக்கு வழங்கப்பட்ட ஜியோபோனுக்கென்று தனி மலிவுத் திட்டங்கள் இருந்தன. 2023 ஜூலையில் ரூ.999 விலையில் வந்த ஜியோ பாரத் கைபேசிக்கு 28 நாளுக்கு ரூ.123 கட்டணத்தில் 14 ஜிபி இணையத் தரவு அறிவிக்கப்பட்டது. ஏழை மக்களையும் இணைய உலகுக்குள் கொண்டுவருவதாகப் பெருமை பேசப்பட்டது. ஆனால் அந்தத் திட்டங்கள் அந்தந்தக் கைபேசியில் மட்டுமே செல்லும். அதே எண்ணை ஒரு திறன்பேசியில் போட்டால் மலிவுத் திட்டம் கிடையாது. 2024 ஜூலை உயர்வுக்குப் பின் திறன்பேசிக்கான ரூ.189 திட்டத்தில் 28 நாளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 2 ஜிபி. ஒரு படி மேலே ஏற முயலும் ஏழை, 14 ஜிபியை விட்டுவிட்டுக் கூடுதல் விலைக்கு 2 ஜிபி வாங்க வேண்டும். இணைப்பு அதே இணைப்பு, கோபுரம் அதே கோபுரம். மாறியது கையிலுள்ள கருவி மட்டுமே.

திறன்பேசிக்கு மாறுவது ஆடம்பரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மாறும்படி மக்களைக் கட்டாயப்படுத்துவதே ஒன்றிய அரசுதான். 2023 ஜனவரி 1 முதல் ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களில் கைபேசிச் செயலி வழியான வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர்களான கிராமப்புறப் பெண்கள் படமெடுத்துப் பதிவேற்றியாக வேண்டும். அங்கன்வாடி ஊழியர்கள் போஷன் டிராக்கர் செயலியில் அன்றாட விவரங்களைப் பதிய வேண்டும். உணவு விநியோகத் தொழிலாளிக்கும் வாடகைக் கார் ஓட்டுநருக்கும் செயலி இல்லாவிட்டால் வேலையே இல்லை. பிழைப்புக்காகக் கைபேசியை மாற்றுபவரிடமிருந்து மலிவுத் திட்டத்தையும் பறித்துக்கொள்வது ஏழைகள் மீது விதிக்கப்படும் மறைமுக வரியாகும். போதாக்குறைக்கு ஒவ்வொரு ரீசார்ஜிலும் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடங்கியிருக்கிறது.

புதிய 5ஜி கைபேசி வாங்கிய நடுத்தர வர்க்கத்தின் அனுபவமும் இதிலிருந்து வேறுபட்டதல்ல. 2022 அக்டோபரில் 5ஜி சேவை தொடங்கியபின், ரூ.239 திட்டம் வைத்திருந்தாலே வரம்பற்ற 5ஜி கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டது. அதை நம்பிப் பலர் தவணை முறையில் கைபேசியை மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்தச் சலுகை நாளொன்றுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. ஜியோவில் அத்தகைய 28 நாள் திட்டத்தின் விலை ரூ.349. ரூ.239 செலுத்தியவர் அதே வரம்பற்ற 5ஜியைத் தக்கவைக்க ரூ.110 கூடுதலாக, அதாவது 46 சதவீதம் அதிகமாகச் செலுத்த வேண்டியதாயிற்று. கைபேசித் தவணை முடியும் முன்பே வாக்குறுதி முடிந்துவிட்டது.

இந்த உத்தி இந்தியாவில் பிறந்ததல்ல. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான அமெரிக்காவில் இது முன்பே அரங்கேறியது. ஐபோன் பரவிய காலத்தில் மாதம் சுமார் 30 டாலருக்கு வரம்பற்ற தரவு தந்து வாடிக்கையாளர்களைக் குவித்த ஏடி அண்ட் டி நிறுவனம் 2010 ஜூனிலும், வெரைசான் நிறுவனம் 2011 ஜூலையிலும் புதியவர்களுக்கு அதை நிறுத்தின. பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் திட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்றன. அதன் பிறகு அவர்களை வெளியே தள்ளும் வேலை தொடங்கியது. 2012 ஜூன் இறுதி முதல், சலுகை விலையில் புதிய கைபேசி பெறும் வெரைசான் வாடிக்கையாளர் வரம்பற்ற திட்டத்தைக் கைவிட வேண்டும் என்றானது. முழு விலை கொடுத்துக் கைபேசி வாங்குபவருக்கு மட்டும் திட்டம் நீடித்தது. பல நூறு டாலரை ஒரே தவணையில் எடுத்து வைக்க முடிந்தவருக்கு உரிமை இருந்தது, முடியாதவருக்கு இல்லை.

முழு விலை கொடுத்தவர்களும் தப்பவில்லை. 2015 நவம்பரில் அவர்களுடைய மாதக் கட்டணத்தில் 20 டாலர் ஏற்றப்பட்டது. ஏடி அண்ட் டி வேறு வழியைக் கையாண்டது. திட்டத்தின் பெயரை மாற்றாமல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பயன்படுத்தியவர்களின் வேகத்தைக் குறைத்தது. 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பாதிக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டி, அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2014-ல் வழக்குத் தொடுத்தது. ஐந்தாண்டுகள் இழுத்தடித்த பிறகு 2019 நவம்பரில் 6 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. ‘வரம்பற்றது’ என்ற சொல்லுக்கு நிறுவனம் தரும் பொருளையும் மக்கள் புரிந்துகொள்ளும் பொருளையும் பிரிக்கும் இடைவெளியில்தான் லாபம் விளைகிறது என்பதை அந்த வழக்கு காட்டியது.

இந்தியாவில் அந்த இடைவெளி ‘வாழ்நாள்’ என்ற சொல்லில் தொடங்கியது. 2005 இறுதியில் சுமார் ரூ.1,000 ஒருமுறை செலுத்தினால் வாழ்நாள் முழுவதும் அழைப்புகளைப் பெறலாம் என்ற திட்டங்கள் வந்தன. அத்தகைய திட்டங்கள், நிறுவனத்துக்கு உரிமம் உள்ளவரை, புதுப்பிக்கப்பட்ட உரிமக் காலத்திலும்கூட, தொடர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006 மார்ச்சில் ஆணையிட்டது. காகிதத்தில் இதைவிடத் தெளிவான பாதுகாப்பு இருக்க முடியாது. ஆனால் 2018 இறுதியில் ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும், மாதந்தோறும் குறைந்தது ரூ.35 செலுத்தாவிட்டால் வரும் அழைப்புகளும் நிறுத்தப்படும் என்று அறிவித்தன. கணக்கில் இருப்பு உள்ளவர்களை உடனே துண்டிக்க வேண்டாம் என்று கூறியதோடு டிராய் நின்றுவிட்டது. ஏர்டெலில் இந்தக் குறைந்தபட்சத் தொகை 2021-ல் ரூ.79, பின்னர் ரூ.99, 2023-ல் ரூ.155, 2024 ஜூலையில் ரூ.199 என்று ஏறியது.

சட்டம் இல்லாததால் இது நடக்கவில்லை. இருக்கும் விதியைச் செல்லாக் காசாக்கும் வழியை நிறுவனங்கள் கண்டுகொண்டன. ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு ஆறு மாதம் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பது 2004 முதல் உள்ள விதி. ஆனால் இன்று கடையில் விற்கப்படுவது 28 நாளுக்கான வவுச்சர். அது முடிந்ததும் வாடிக்கையாளர் புதியவராகிவிடுகிறார், விலையும் புதியதாகிவிடுகிறது. ஆண்டுக்கு 12 மாதம் என்பதும் மாறி 13 ரீசார்ஜ் என்றாகிவிட்டது. 30 நாள் திட்டமும் மாதத்தின் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒவ்வொன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் ஆணையிட்ட பிறகும், 28 நாள் கணக்கே கோலோச்சுகிறது. 2025 ஆகஸ்டில் ஜியோவும் ஏர்டெலும் நாளொன்றுக்கு 1 ஜிபி தரும் ரூ.249 திட்டத்தைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது கட்டண உயர்வு என்ற சொல்லே தேவைப்படவில்லை. மலிவான திட்டம் மறைந்தது, மக்கள் ரூ.299-க்குத் தள்ளப்பட்டார்கள்.

கட்டணங்களைச் சந்தையே தீர்மானிக்கிறது, பல நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் விலை குறைவு என்று ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஜூலை 5 அன்று விளக்கம் அளித்தது. மூன்று நிறுவனங்களும் இரண்டு நாள் இடைவெளியில் ஏறத்தாழ ஒரே அளவுக்கு விலையை ஏற்றுவதற்குப் பெயர் சந்தைப் போட்டியா? பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த துறையில் இன்று நான்கே எஞ்சியுள்ளன. இரண்டு நிறுவனங்களிடம் பத்தில் ஏழு இணைப்புகளுக்கு மேல் குவிந்துள்ளன. 2016 செப்டம்பரில் இலவசமாகத் தொடங்கிய ஜியோவின் ‘சலுகை’ காலம் போட்டியாளர்களை ஒழித்துக்கட்டுவதற்கான முதலீடாக இருந்தது. அந்த முதலீட்டை இப்போது மக்களிடமிருந்து வசூலிக்கிறார்கள். வெளிநாட்டு விலையோடு ஒப்பிடும் அரசு, வெளிநாட்டுக் கூலியோடு இந்தியக் கூலியை ஒப்பிட முன்வருமா?

மக்களுக்கு மாற்று வழி வேண்டும் என்ற தாகம் இருக்கிறது. கட்டண உயர்வு வந்த 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் இணைப்புகளை இழந்தன. பிஎஸ்என்எல் மட்டும் ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் இணைப்புகளைக் கூடுதலாகப் பெற்றது. சில மாதங்களில் அந்த வரவு நின்று வெளியேற்றம் தொடங்கியது. 4ஜி இல்லாத வலைப்பின்னலில் புதிய கைபேசியை வைத்துக்கொண்டு மக்கள் என்ன செய்வார்கள்? பிஎஸ்என்எல்லின் 4ஜி சேவையை நாடு தழுவிய அளவில் பிரதமர் தொடங்கிவைத்தது 2025 செப்டம்பர் 27 அன்றுதான். அதற்குள் தனியார் நிறுவனங்கள் 5ஜியில் மூன்றாண்டுகளைக் கடக்கவிருந்தன. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். பொதுத்துறையைக் கைகால் கட்டிப் போட்டுவிட்டுச் சந்தை தீர்மானிக்கட்டும் என்பது ஏகபோகத்துக்குச் செய்யும் சேவையே.

என்ன செய்ய வேண்டும்? ஒரு முன்னுதாரணம் கண்முன் இருக்கிறது. ஒரு காலத்தில் கைபேசி எண் நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. நிறுவனத்தை மாற்றினால் எண்ணை இழக்க வேண்டும். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் எண் பெயர்வு வசதி நடைமுறைக்கு வந்தபின், எண் வாடிக்கையாளரோடு செல்கிறது. எண்ணுக்குப் பொருந்திய நியாயம் திட்டத்துக்கும் பொருந்த வேண்டும். கட்டணத் திட்டம் இணைப்புக்கு உரியதாக இருக்க வேண்டும், கருவிக்கு உரியதாக இருக்கக் கூடாது. கைபேசியை மாற்றினாலும், 4ஜியிலிருந்து 5ஜிக்குச் சென்றாலும், ஏற்கெனவே பெற்ற திட்டத்தை அதே விலையில் புதுப்பிக்கும் உரிமையைக் குறைந்தது ஓராண்டுக்கு டிராய் உறுதி செய்ய வேண்டும். ஆறு மாதப் பாதுகாப்பை வவுச்சர்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். ‘வாழ்நாள்’, ‘வரம்பற்றது’ என்று விளம்பரம் செய்து பின்வாங்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும்.

கட்டண நிர்ணயத்தில் தலையிடாமல் ஒதுங்கி நிற்கும் கொள்கையை டிராய் கைவிட்டு, குரலும் ஓரளவு தரவும் அடங்கிய அடிப்படைத் திட்டத்துக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும். குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை வழங்க 2024 டிசம்பரில் அது ஆணையிட்டது. விலைக்கு வரம்பு விதிக்கப்படாததால், 84 நாளுக்கு ரூ.450-ஐ ஒட்டிய விலையில் அவை வந்தன. தரவு போனது, விலை பெரிதாகக் குறையவில்லை. அரசுப் பணிக்குச் செயலியைப் பயன்படுத்தும் ஊழியர்களுக்குக் கைபேசியையும் தரவுக் கட்டணத்தையும் அரசே வழங்க வேண்டும். பிஎஸ்என்எல்லுக்குத் தேவையான நிதியும் ஆள்பலமும் தாமதமின்றி அளிக்கப்பட வேண்டும்.

வரிசையில் ரீசார்ஜ்களை அடுக்கி வைப்பதும், பழுதான பழைய கைபேசியை விடாமல் வைத்திருப்பதும் தனிமனிதர் தேடும் தற்காலிக நிழல்கள். அந்த நிழல் அடுத்த அறிவிப்பு வரும்வரைதான் நிற்கும். கட்டண உயர்வுக்கு எதிரான இயக்கங்களில் கட்சிக் கிளைகளும் வெகுஜன அமைப்புகளும் இந்தக் கோரிக்கைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கன்வாடி ஊழியர்கள், செயலிவழித் தொழிலாளர்கள், மாணவர்கள் ஆகியோரின் அன்றாட ரீசார்ஜ் சுமையைக் கூட்டுக் கோரிக்கையாக மாற்ற வேண்டும். பொதுத்துறைத் தொலைத்தொடர்பைக் காக்கும் ஊழியர் சங்கங்களின் போராட்டத்தோடு அதை இணைப்பது இன்றைய உடனடிக் கடமையாகும்.