பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது?



'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' எனும் முழக்கத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கேளாதார் இலர். பதாகைகளிலும் காணொளிகளிலும் அது வலம் வருகிறது. வரட்டும்! ஆயினும், 2000-ஆம் ஆண்டுகளின் இறுதியில் 1 லட்சத்தைத் தாண்டியிருந்த நம் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை இன்று 80,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. நம்மவரிடையே பிறப்பு விகிதம் சரிந்தது ஒரு காரணம். அதை எந்த இயக்கத்தாலும் மாற்றவியலாது. நம் கைக்கு எட்டக்கூடிய ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். அது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம்.

அக்கூட்டத்தில் என்ன பேசுகிறோம்? சிற்றுண்டிச் சாலையின் விலை, சீருடை, விளையாட்டுப் போட்டி. இவை வேண்டியவையே. ஆனால், பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது என்று எழுந்து கேட்ட பெற்றோரை என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஏன் கேட்க வேண்டும்? ஆசிரியர் ஊதியத்தை எல்லாத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அரசே தருகிறது. வேறுபாடு கட்டடத்திலும் பராமரிப்பிலும் உள்ளது. பெரும்பாலும், நிலம் அரசுடையதாயின் முழு உதவி. தோட்ட நிறுவனத்தினுடையதோ தனியாருடையதோ ஆயின் பகுதி உதவி. பகுதி உதவி பெறும் பள்ளியின் கூரை ஒழுகினால், மானியம் வரும்வரை பள்ளி வாரியமும் பெற்றோரும் கையேந்த வேண்டியதுதான். தோட்டத்திலே பிறந்த பள்ளிகள் நம்முடையவை. ஆகவே இந்தச் சிக்கலும் உடன்பிறந்தது. புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த வட்டாரத்தில் 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தேசிய அரங்கம் எழுந்தது. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் எஞ்சியிருக்கிறது.

நம் அண்டை அயலாரைச் சற்று நோக்குவோம். பெட்டாலிங் ஜெயா, டாமன்சாரா புதுக்கிராமத்துச் சீனப்பள்ளி 2001-இல் மூடப்பட்டது. மாணவர்கள் வேறிடத்துப் புதிய கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். புதிய பள்ளி வரட்டும், பழையதும் இருக்கட்டும் என்றனர் ஒரு சாரார். பெரும்பாலோர் சென்றுவிட்டபோதும் சில குடும்பங்கள் அசையவில்லை. அருகிலிருந்த கோயிலை ஒட்டி வகுப்பு நடத்தினர். மனு மேல் மனு எழுதினர். 2009 சனவரியில் அதே பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள்! முதலாம் ஆண்டில் சேர வேண்டிய பிள்ளை இடைநிலைப்பள்ளிக்கே போய்விடும் காலம் அது. தம் பிள்ளைக்குப் பயன்படாது என்று தெரிந்தும் போராடிய பெற்றோரும் அவர்களுள் இருந்திருப்பர் அன்றோ?

நம்மவர்க்கு அத்தகைய உறுதி இல்லை என்று நான் கூற மாட்டேன். 2014-இல் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி எழப்போகிறது என்றதும் கையெழுத்துத் திரட்டியவர்கள் நாம்தாம். 2016-இல் அது மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. ஆனால், நூற்றாண்டுக் கட்டடத்துக்குத் திரளும் கூட்டம், கிள்ளானை அடுத்த ஒரு சிறிய பள்ளியின் நிலப்பட்டாவுக்குத் திரள்வதில்லை. பட்டாவைப் படம்பிடித்து யார் பகிர்வார்?

இன்னொன்றையும் கூறிவிடுகிறேன். ஆசிரியர்களாகிய நாங்கள் அரசு ஊழியர்கள். நாங்கள் வெளிப்படையாகப் பேசக்கூடிய எல்லை குறுகியது. தலைமையாசிரியர் எழுதும் கடிதம் ஒரு கோப்பில் போய் அமரும்; அவர் மாற்றலாகிச் சென்றதும் அதை நினைவூட்ட ஆளிருக்காது. பெற்றோர்க்கு அந்தத் தடையில்லை. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் 1998-இல் வந்த விதிமுறைகளே பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு இடமளித்துள்ளன. தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணல்ல என 2021-இல் உயர்நீதிமன்றமும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டன. இருக்கும் உரிமையைக் கொண்டு கூரையைச் செப்பனிடுவதற்கும் நீதிமன்றமா வரும்?

ஆகவே, இவ்வாண்டுக் கூட்ட அறிவிப்பு உங்கள் பிள்ளையின் புத்தகப் பையில் வரும்போது கசக்கிவிடாதீர்கள். நிலம் யார் பெயரில் உள்ளது, நாம் பெறுவது முழு உதவியா பகுதி உதவியா, மாற்றக்கோரி இறுதியாக எப்போது கடிதம் எழுதப்பட்டது என்று கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு அமர்ந்துவிட வேண்டாம். முன்மொழிந்து, வழிமொழிந்து, கூட்டக் குறிப்பில் ஏறச் செய்யுங்கள். குறிப்பில் ஏறிவிட்டால், அடுத்த ஆண்டு செயலவையினர் யாராயினும் அதை வாசித்து விடை கூற வேண்டியிருக்கும். கூட்டம் பெரும்பாலும் வார இறுதியில் ஒரு காலைப்பொழுதுதான். மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.